சாமி நோட்டு

கல்லூரியின் 1979ஆம் ஆண்டு மலர் சௌந்திரத்தை 'சமயத் துறைத் தலைவர், பக்திநெறிச் செல்வி' என்று அறிமுகம் செய்தது. துறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. வரலாற்றுத் துறையின் மூலையில் ஒரு மேசை, அதற்கும் ஒரு கால் ஆட்டம். அவருடைய பக்தியா? சங்ககிரி பஸ் கோயில் வாசலில் நின்றால் தரிசனம்; நிற்காவிட்டால் இல்லை.

பி.ஏ. முதலாண்டுக்கு அவர் நடத்தியது 'சமயத்தின் அடிப்படைக் கருத்துகள்' என்ற விருப்பப் பாடம். அதைத் தொடரலாமா மூடலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. மூடினால் சௌந்திரத்துக்கு வேலை இல்லை.

"புத்தகத்துல இருக்கறத மட்டும் சொல்லுங்கம்மா," என்றார் முதல்வர்.

சமயம் என்பது மனிதன் தனக்கு மேலான ஒன்றை வணங்குவது என்று புத்தகத்தின் முதல் வரி சொன்னது. சௌந்திரத்துக்கு அதில் சந்தேகம். வீட்டில் யார் யாரைச் 'சாமி' என்றாலும் ஒரு வாரம் நோட்டில் எழுதி வரும்படி மாணவர்களிடம் முன்பே சொல்லியிருந்தார். நோட்டுகள் வந்த அன்றைக்கே பார்வையாளரும் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். சௌந்திரம் புத்தகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பொன்னாயியைப் படிக்கச் சொன்னார்.

"கரண்டு வந்துச்சுங்க மேடம். எங்கம்மா பல்பைப் பாத்து, 'வந்துட்டியா சாமி'ன்னு கும்புட்டாங்க. அப்பறம் தொட்டில்ல கெடந்த தம்பியப் பாத்து, 'அழுவாத சாமி'ன்னாங்க."

"தம்பியையும் கும்புட்டாங்களா?"

"இல்லீங்க. ஒரு அடி வெச்சாங்க."

அடுத்தவன் வேலுசாமி, லாரிக்காரர் மகன். "எங்கப்பா செக்போஸ்ட்டுல போலீஸ்காரரை, 'உட்டுருங்க சாமி'ன்னாருங்க. லாரி நவுந்ததும் வேற பேரு சொன்னாரு. அதை எழுதுலீங்க."

பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல எது சமயம்?"

பொன்னாயி நோட்டைப் புரட்டினாள். "இன்னொன்னு இருக்குதுங்க சார். காலையில பியூன் காத்தானண்ணன் உங்களப் பாத்து, 'வாங்க சாமி, இப்படி உக்காருங்க'ன்னாருங்க. அதை எங்க சேக்கறதுன்னு தெரியலீங்க."

வகுப்பு குனிந்து சிரித்தது. பார்வையாளர் சிரிக்கவில்லை. சௌந்திரத்தைப் பார்த்தார். "பயமா, மரியாதையா, பக்தியா?"

"அதைக் கேக்கறதுக்குத்தானுங்க இந்தப் பாடம். புத்தகத்துல பதில் மட்டும் இருக்குதுங்க."

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது: 'பாடநூல் திறக்கப்படவில்லை. பாடம் தொடரலாம்.' முதல்வர் முதல் வாக்கியத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். இரண்டாவதை ஆண்டு மலரில் அச்சடித்தார்.

அதன்பின் எட்டு ஆண்டுகள், ஒவ்வொரு ஜூலையிலும், சௌந்திரம் புது மாணவர்களை ஒரு நோட்டோடு வீட்டுக்கு அனுப்பி, யார் யாரைச் 'சாமி' என்றார்கள் என்று எழுதி வரச் சொன்னார்.