தகரமா, ஓடா?

பஸ் ஓட்டுகிறவனுக்குத் தூக்கம்தான் சொத்து. அவன் வீட்டின் தகரக் கூரையிலோ, நாலு தூறல் விழுந்தாலே வீடு இரண்டுபடும். அதனால் பழைய கூரையைப் பிரித்த கொத்தனார், "மறுபடி தகரமா, ஓடா?" என்று கேட்டதும் டிரைவர் யோசிக்கவே இல்லை.

"ஓடுதான். இனிமேலாவது நிம்மதியா தூங்கணும்."

"மாமாகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"காது கேக்காத மனுஷனுக்குத் தகரமென்ன, ஓடென்ன?"

அப்பா பின்னறையில் படுத்த படுக்கை. காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் ஏறாது, எல்லாம் சைகைதான்.

ஓடு போட்டபின் முதல் மழை கொட்டித் தீர்த்தது. வீட்டுக்குள் சத்தமே இல்லை. வேலை முடிந்து வந்த டிரைவர் குடையை மடக்கிக்கொண்டு பின்னறையை எட்டிப் பார்த்தான். சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். அப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, இந்த வருஷம் மழையே இல்லையா? என் காதுல விழறது அது ஒண்ணுதான்."

அவன் உதட்டைப் பிதுக்கி, இல்லை என்று தலையாட்டினான். சொட்டிக்கொண்டிருந்த குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.