பவானி ஓட்டிய பழைய பிரதி: செவன் ஹில்ஸிலிருந்து டண்டினொங் வரை

1978 மார்ச்சில் நானும் என் மனைவி பவானியும் மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு ரயிலில் சென்று, காரில் திரும்பினோம். இருபது ஆண்டுகள் மயக்க மருந்து வைத்தியராக உழைத்த பவானிக்கு, தனக்கென்று ஒரு பொருளைத் தானே தேர்ந்து வாங்க வேண்டுமென்ற எண்ணம் பிறந்திருந்தது. அவர் விரும்பியது இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆங்கிலேயப் பந்தயக் கார்: கூரையில்லை, இரண்டே சீற், நீண்ட பொனட். அசல் எங்களுக்கு எட்டாது. அதே வடிவில், இக்காலத்து இயந்திரத்தோடு கட்டப்பட்ட பிரதிகள் இரண்டு விற்பனைக்கு இருந்தன. மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங்கில் அப்போதுதான் கட்டி முடித்த புதியது ஒன்று. சிட்னியின் செவன் ஹில்ஸில் பத்து வயதான பழையது மற்றொன்று.

முதலில் டண்டினொங். தொலைபேசியில் கார் பார்க்க நேரம் குறித்தவர் டொக்டர் பவானி. பட்டறைக்காரர் குலுக்கியதோ என் கையை. "வாருங்கள், டொக்டர்!" நான் கணித ஆசிரியன், டொக்டர் இவர்தான் என்றேன். நல்ல பகிடி கேட்டவர்போலச் சிரித்தார். ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று பவானி கேட்டபோது, "கிளட்ச் கொஞ்சம் கடினம், மேடம். முதலில் கணவர் பார்க்கட்டும்" என்று என்னை அருகில் இருத்தித் தெருவைச் சுற்றி வந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, அனுமதிப்பத்திரமும் கிடையாது. அவர் கேட்கவில்லை. நாங்கள் திரும்பியபோது பவானி, பாதி கட்டியிருந்த அடுத்த காரின் சட்டத்துக்குக் கீழே குனிந்து, இரும்பு ஒட்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வேலை அருமை. சனிக்கிழமை பதில் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் வெளியே வந்ததும்.

"அந்த ஆளிட்ட இனி என்ன பதில்?"

"இஞ்ச பாருங்கோ, உங்கட கோவத்துக்கு நான் கார் வாங்கேலாது."

வாசகர்களுக்கு நேர்மையாக இருப்பதானால், அந்தக் காரின் வேலைப்பாடு குற்றமற்றது என்றே எழுத வேண்டும். கதவிடுக்கில் தாள் நுழையாது. பூச்சில் முகம் பார்க்கலாம். இதை எழுதுவது எனக்கு உவப்பான காரியமல்ல.

வியாழன் இரவு எட்டு மணி ரயிலில் ஏறினோம். படுக்கை வசதியோடு சீட்டு எடுங்கள். இருக்கையில் பதின்மூன்று மணி நேரத்தை ஐம்பது வயது முதுகு மன்னிக்காது. காலையில் சிட்னி மத்திய நிலையம். அங்கிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் செவன் ஹில்ஸ். காரின் உரிமையாளர் வெங்கடேசன், சேலத்துக்காரர், தொழிற்சாலைப் பொறியாளர். வீட்டு வாசலிலேயே சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஓட்டிப் பாருங்க சார்."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"தெரியாதா? அப்புறம் எதுக்கு சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"பெட்டி தூக்க" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார் பவானி.

வெங்கடேசன் வெடித்துச் சிரித்தார். "மன்னிச்சுக்குங்க மேடம். ரெண்டாவது குழந்தை பொறந்தாச்சு. நாலு பேருக்கு ரெண்டு சீட்டு. இல்லேன்னா இதைக் குடுப்பேனா?" பவானியின் பக்கத்துச் சீற்றில் ஏறிக்கொண்டார். இம்முறை வாசலில் நின்றவன் நான். நிற்பது இதமாக இருந்தது.

திரும்பி வந்ததும் வெங்கடேசன் ஒளிக்காமல் அடுக்கினார். "பின் மட்கார்டு ரெண்டு தடவை வெடிச்சுது மேடம், அப்புறம் உள்ள இரும்புப் பட்டி வெச்சேன். ரேடியேட்டர் சிறுசு, மாத்திட்டேன். இடது கதவு மழையில ஒழுகும். அது மட்டும் திருந்தலை."

பவானி என் பக்கம் திரும்பினார். "டண்டினொங்கில பாத்தது வடிவான கார்தான். ஆனா அது எங்க வெடிக்கும் எண்டு கட்டினவருக்கே இன்னும் தெரியாது. இது வரலாறு தெரிஞ்ச நோயாளி. எனக்கு இதுதான்."

"அந்த ஆளுக்கு நல்ல பாடம்."

"அந்த ஆள் இந்தக் கணக்கிலயே இல்லை. நீங்களும் இல்லை."

பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டோம். ஹியூம் நெடுஞ்சாலை பெரும்பகுதி இருவழிப் பாதை; மொத்தம் தொள்ளாயிரம் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இந்தக் காரில் லொறிச் சக்கரத்தின் அச்சு பயணியின் காதுக்கு நேரே வரும். கம்டனைத் தாண்டிய மலையேற்றத்தில் ஒரு லொறியின் பின்னால் பவானி பொறுமையாக ஊர்ந்தார். உச்சியில் பாதை தெளிந்ததும் சேலைத் தலைப்பைக் கோட்டுக்குள் செருகி, கியரைக் குறைத்து, அதை முந்தினார். இருபது ஆண்டுகளாக அவர் கைகள் தொழில் செய்வதை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். இரவு கண்டகாய் என்ற சிற்றூரின் மோட்டலில் தங்கி, விடியப் பனிமூட்டத்தில் கிளம்பினோம். அல்பரிக்கு அப்பால் மழை. இடது கதவு வாக்குத் தவறவில்லை. என் முழங்கால் நனைந்தது.

இதே தேர்வில் இருப்போருக்கு: புதியதில் வேலைப்பாட்டைப் பாருங்கள், பழையதில் திருத்தங்களைப் பாருங்கள், எதற்காகத் திருத்தினார்கள் என்று கேளுங்கள். மாநிலம் மாறினால் பதிவும் புதிதாகச் செய்ய வேண்டும். கம்பளித் தொப்பி அவசியம். ஓட்டப் போகிறவரே ஓட்டிப் பார்க்கட்டும்.

சனி பிற்பகல், நேரே வீட்டுக்குப் போகலாமென்றேன். "பதில் சொல்லுறன் எண்டனான். சொல்லிப்போட்டுத்தான் வாறன்" என்று டண்டினொங் பட்டறை முன் நிறுத்தினார் பவானி. பட்டறைக்காரர் வெளியே வந்தார். எங்கள் காரையும் அதன் சிட்னிப் பதிவுத் தகட்டையும் கண்டதும் அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. அதையும் பதிவு செய்கிறேன். வலப்பக்கம் ஸ்டியரிங்கில் கைவைத்திருந்த பவானியைக் கடந்து, பொனட்டைச் சுற்றி, என்னிடம் வந்து குனிந்தார்.

"சிட்னியிலிருந்தேவா! எப்படி ஓடியது, டொக்டர்?"

"டொக்டர் அந்தப் பக்கம்" என்றேன்.

பவானி இயந்திரத்தை அணைக்கவில்லை. நீண்ட பொனட் அது. அதை முழுவதுமாகச் சுற்றிப் பட்டறைக்காரர் மறுபடி தன் பக்கம் நடந்து வரும்வரை, பவானி காத்திருந்தார்.