மாவுக்கட்டு காயும் முன் ஒரு பஸ் பயணம்

கௌரியின் கால்களைக் கழுவும்போதுதான் முதலில் கவனித்தேன். விரல்களில் மண் ஒட்டியிருந்தது, குதிகாலில் இல்லை. ஐந்து வயதான என் தங்கை சுவரைப் பிடித்து நிற்பதே நுனிக்காலில்தான். பிறந்தபோது வெகுநேரம் அழாமல் நீலம் பாய்ந்து கிடந்தவள். அப்போது மூளையில் ஏற்பட்ட சேதம்தான் கால் சதையை விறைக்க வைக்கிறது என்று பெங்களூர் டாக்டர் பிறகு சொன்னார். நாங்கள் இளம்பிள்ளை வாதம் என்றே நினைத்திருந்தோம்.

சென்ற தை மாதம் அம்மாவும் நானும் அவளைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இதுபோல் பிள்ளை உள்ளவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கெலமங்கலத்தில் காலை ஆறரைக்குப் பஸ். ஓசூர் பன்னிரண்டு மைல், ஆறணா. அங்கிருந்து பெங்களூர் இருபத்தைந்து மைல், பன்னிரண்டணா. முன்பக்கம் உட்காராதீர்கள். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் கௌரியின் கால்கள் திடுக்கிட்டு, கத்தரிக்கோல் போலக் குறுக்கே பின்னிக்கொண்டன. அவை தளர்வதற்குள் அடுத்த ஹாரன்.

டாக்டர் பாதங்களை மெல்ல மெல்ல மேலே மடக்கிப் பிடிக்க, நர்ஸ் முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டார். மூன்று வாரத்தில் சதை இளகினால் பயிற்சி போதும், இல்லையென்றால் குதிகால் நரம்பை அறுத்து நீட்ட வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் கன்னடத்தில் சொன்னது இது: கட்டு காய இரண்டு நாளாகும். உள்ளங்கையில்தான் தாங்க வேண்டும், விரல் அழுந்தக்கூடாது. குழி விழுந்தால் உள்ளே தோல் புண்ணாகிவிடும், அன்றைக்கே கொண்டுவர வேண்டும். கால்விரல் நீலமானாலும், சில்லிட்டாலும் அப்படித்தான். ஆறு மணி வரை தான் இருப்பதாகவும் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பள்ளியை விட்டபின் வெளியாட்களிடம் எனக்குப் பேச்சே வருவதில்லை.

மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். கௌரியின் விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். கதகதப்பாக இருந்தன. ஒரு மரம் தாண்டியதும் மறுபடி தொட்டேன்.

நம் பக்கம் மதுவிலக்கு, மைசூர்ப் பக்கம் இல்லை. அதனால் எல்லையில் பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பார்கள். மாவுக்கட்டைப் போர்வையால் மூடாதீர்கள். நாங்கள் மூடியிருந்தோம்.

"என்னம்மா, போர்வைக்குள்ள?" என்றார் போலீஸ்காரர்.

"கொழந்த காலு, சாமி," என்றாள் அம்மா.

"கொழந்தைக்கு யான காலா? எத்தினி பாட்டிலு புடிக்கும்?"

பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் லத்தியால் தட்டிப் பார்க்கக் குனிந்தார். அம்மா "ஐயோ" என்று பதறி, கௌரியின் வலது காலை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். போர்வை நழுவியது.

"அடடா, கட்டு போட்ட காலா! மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அவர் லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

அம்மா கையை எடுத்தாள். கணுக்காலுக்கு மேல் ஈரமான கட்டில் நாலு விரல் தடம் குழிந்திருந்தது.

"ஒண்ணும் ஆவாது. ஊட்டுக்குப் போயி பாத்துக்கலாம்," என்றாள்.

"இன்னிக்கே வரச் சொன்னாங்கம்மா."

"பொழுது சாயுது. திரும்ப எப்பிடி வருவ? உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?"

மணி நாலேகால். கண்டக்டர் விசில் எடுத்தார்.

"நிறுத்துங்க," என்றேன்.

"என்ன பாப்பா, இப்பத்தான நின்னுச்சு!"

நான் கௌரியைத் தூக்கி, கட்டுகளை உள்ளங்கையில் தாங்கியபடி இறங்கி, சாலையைக் கடந்து, பெங்களூர் போகும் பஸ்ஸுக்காக நின்றேன்.