அணைக்காதே என்று தந்த போன்

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தவன்தான். போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "சிக்னல் கிடைக்காத இடத்துக் கதையா?" என்று கிண்டல் செய்வேன். இப்போது வாயே திறப்பதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. குறைக்க ஆசைதான், அதையும் செய்யவில்லை.

புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத ஆறாவது நாள். செல்போன் டவர் மட்டும் ஜெனரேட்டரில் ஓடியது. என்னிடம் ஒரு லாரி பேட்டரியும் பழைய இன்வெர்ட்டரும் இருந்தன. தெருவே என் கடை வாசலில் வந்து நின்றது. டார்ச், ரேடியோ, போன் என்று எதைக் கொண்டுவந்தாலும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன். ஒரே ஒரு சட்டம்: போனை அணைத்துவிட்டுத்தான் செருகுவேன். அணைத்த போன் சீக்கிரம் ஏறும், பேட்டரியும் தாங்கும். நம்பர் எழுதிய டேப்பை ஒட்டுவது, பொத்தானை அழுத்திப் பிடிப்பது, செருகுவது... கை தானாகச் செய்யும்.

பிற்பகல் 3.50. தையல்கார அக்கா வந்தார். பச்சைக் கவர் போட்ட போன். அவருடைய கணவர் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். ஆறு நாளாக வீட்டுக்கே வரவில்லை. ஆற்று வெள்ளம் இன்னும் ஏறும் கீழறையில் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இத மட்டும் அணைக்காத. அங்க அவரு போன் மட்டும்தான் ஓடுது, மத்த எல்லார் போனும் செத்துக் கிடக்கு. ஆபீஸ் போனும் அவுட்டு. ஏதாவதுன்னா எனக்குத்தான் கூப்பிடுவாரு. வந்தா நீயே எடுத்துப் பேசு."

"சரிக்கா. நீங்க போங்க."

"தண்ணி லாரி வந்திருக்கு. வரிசையில நின்னுட்டு ஏழு மணிக்கு வந்துடுறேன்."

ஒன்பதாம் நம்பர் டேப் ஒட்டினேன். செருகினேன். மேசையில் மொத்தம் பதினாலு போன்கள்.

ஆறரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. மெழுகுவர்த்தி ஏற்றினேன். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எல்லோரும் தண்ணீர் லாரியைச் சுற்றி நின்றார்கள்.

6.45. ஏதோ ஈர வாடை. மழை நின்று நாலு நாளாகிறது. கடைத் தரை காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் கிணற்றுக்குள் தலையை விட்டதுபோல வாடை அடித்தது.

இன்வெர்ட்டரின் முனகல் நின்றது. அதன் விளக்கு எரிகிறது. சத்தம் மட்டும் இல்லை.

6.52.

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

மேசை அதிர்ந்தது. பதினாலு போன்களையும் பார்த்தேன். எல்லாம் இருட்டாகக் கிடந்தன.

சத்தம் கீழே, டிராயரிலிருந்து வந்தது.

அதில் கிடந்தது என் கடை போன். முதல் நாள் மழையிலேயே நனைந்து செத்தது. பேட்டரியைக் கழற்றி, சிம்மை உருவி, நானேதான் உள்ளே போட்டேன்.

திறந்தேன்.

பின்மூடி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. திரை மட்டும் எரிந்தது.

காதில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றும் தெரியாது.

தண்ணீர்ச் சத்தம். யாரோ மூச்சு வாங்கினார்கள்.

பிறகு குரல். நிதானமாக. எனக்குத் தெரிந்த குரல்.

"தம்பி... அவ போன ஏன் அணைச்ச?"

அப்புறம் வெறும் தண்ணீர்...

திரும்பினேன். ஒன்பதாம் நம்பர். பச்சைக் கவர். அணைந்து கிடந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் கை அதையும் அழுத்திப் பிடித்திருக்கிறது.

ஆன் செய்தேன்.

டிங்... டிங்... டிங்...

பத்து. எல்லாம் தவறிய அழைப்பைச் சொல்லும் மெசேஜ்கள். எல்லாம் அவருடைய எண். முதலாவது 5.05. கடைசி 5.38.

வெளியே செருப்புச் சத்தம்.

பத்தையும் அழித்தேன்.

"கூப்பிட்டாரா தம்பி?"

"இல்லக்கா."

மறுநாள் காலையில் அவரை வெளியே எடுத்தார்கள். கீழறையின் இரும்புக் கதவு வெள்ளத்தின் வேகத்தில் சாத்தி, வெளித் தாழ்ப்பாள் விழுந்துவிட்டதாம். முதலிலேயே ஓர் ஆள் வெளியிலிருந்து தாழ்ப்பாளை இழுத்திருந்தால் திறந்திருக்கும் என்றார்கள். கூட இருந்த ஒரே ஆள் டீசல் வாங்கப் போயிருந்தார். அவர் 5.40க்குத் திரும்பியபோது தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது. என் கடையிலிருந்து பம்ப் ஹவுஸுக்கு ஐந்து நிமிட நடை.

அப்படியானால் 6.52க்கு என்னிடம் பேசியது யார்? மனப்பிரமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

பதினாறாம் நாள் கரண்ட் வந்தது. அதற்கு மறுநாள் அக்கா வந்தார். கையில் கணவரின் போன்.

"இதுல எனக்கு ஏதாவது சொல்லி வச்சிருக்காரான்னு பாரு தம்பி."

எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். பிரித்தேன். உள்ளே சேறு. பேட்டரியைக் கழற்றினேன். ஒன்றும் தேறாதென்று சொல்லிவிடலாம், விஷயம் இதோடு போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஒண்ணும் தேறாது..."

திரை எரிந்தது.

பேட்டரி என் இடது கையில் இருந்தது.

அக்கா குனிந்தார். அழைப்புப் பட்டியலைக் கீழிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"எனக்குப் பத்து தடவ அடிச்சிருக்காரு."

விரல் பதினோராவது வரியில் நின்றது. என் கடை நம்பர். 6.52. நாற்பது விநாடி.

கடைக்குள் அந்த ஈர வாடை...

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஆசைதான் இருந்தது.

"உங்கிட்ட பேசியிருக்காரே... என்ன தம்பி சொன்னாரு?"

இரண்டு வருஷம் ஆகிறது. தெருவில் எங்கே பார்த்தாலும் அதையேதான் கேட்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.