ஆறு பேருக்கு ஒரு சமையல்

சின்ன மாமா பஸ்ராவிலிருந்து திரும்பியபோது எனக்கு ஏழு வயது. பெரிய யுத்தத்தில் அவர் துப்பாக்கி பிடித்தவர் அல்ல. பட்டாளத்துக்குச் சோறு ஆக்கியவர். ஆனாலும் காக்கிக் கோட்டோடு அவர் கண்டித் தெருவில் நடந்தால் எனக்குப் பெருமை தாங்காது. வேலை தேடித்தான் நடக்கிறார் என்று தெரியும். தொலைந்த ஆட்டைப் போல அதுவும் தேடினால் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

கலஹா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவுக்குச் சமையற்காரர் தேவைப்பட்டது. மாமாவின் கைப்பக்குவத்தைக் காட்ட, அந்தத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரை அப்பா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தார். அம்மா ஆசையாக வளர்த்த சேவல் அறுபட்டது.

“ஆறு பேருக்குத்தான்டா. பாத்துப் போடு,” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு அம்மா எங்களை மாதா கோவில் பூசைக்குக் கூட்டிப்போனாள்.

ஐந்நூறு பேருக்கு ஆக்கிய கை அல்லவா? உப்பு கூடிவிட்டது. உருளைக்கிழங்கு போட்டார், தேங்காய்ப்பால் விட்டார், காரம் குறைந்துபோனதென்று மிளகாய்த்தூள் சேர்த்தார், மறுபடியும் உப்பு. நாங்கள் திரும்பியபோது, மாமா இரவல் வாங்கிவந்த கோவில் அண்டா நிறையக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் மாத அரிசி முழுதும் சோறாகியிருந்தது.

பெரிய கிளாக்கர் ஒரு வாய் வைத்தார். தண்ணீர் கேட்டார். “நல்லாத்தான் இருக்குங்க. சொல்லி அனுப்புறேன்,” என்று எழுந்துவிட்டார்.

மாமா அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப்போட்டார். பிறகு விடுவிடென்று வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் பின்னால் பெரிய கூட்டம். எல்லாரிடமும் அதே காக்கிக் கோட்டு, சாயம் போனது, கிழிந்தது. மூட்டை தூக்க ரயில் ஸ்டேசனடியில் காத்துக் கிடந்தவர்கள். முற்றத்தில் வாழையிலை போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமா பரிமாறினார்.

ஒருவர் வாயில் வைத்ததும், “அதே பஸ்ரா உப்புடா!” என்று கத்தினார். முற்றமே சிரித்தது. கோபமாக உள்ளே நின்ற அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, சோற்றுச் சட்டியைத் தானே வாங்கிக்கொண்டாள்.

அவ்வளவு பெரிய விருந்தை எங்கள் வீட்டில் நான் பார்த்ததேயில்லை. எல்லாரும் போனபின் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த மாமாவிடம் கேட்டேன்:

“இவங்க நாளைக்கும் வருவாங்களா மாமா?”

“கூப்பிட்டா வருவாங்கம்மா. வேற எங்க போகப்போறாங்க?”

நாளைக்கும் விருந்து என்று அம்மாவிடம் சொல்ல, துள்ளிக்கொண்டு ஓடினேன்.