வெறுந்தோளுடன் உடன் வருவோர்

சென்ற ஆண்டுக் கோடையில், எல்லையில் பதற்றம் மூண்டிருந்த நாள்களில், திருவரங்கத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் என் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புத்தூரில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தனர். அவருடைய குருதி அரிய வகை. கொடுப்பதற்கு இருவர் வராவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும் என்றார் மருத்துவர். அதே வகைக் குருதியுடைய எங்கள் மகன், இருவரில் ஒருவனாகத் தானே கொடுப்பதாகவும், மற்றவரைத் தேடித் தருவதாகவும் சொல்லியிருந்தான்.

அவன் வங்கி ஊழியன்; சேமப்படை வீரனும் கூட. ஆண்டில் சில வாரங்கள் பயிற்சி, மற்ற நாள்களில் அலுவலகம். நாடு அழைத்தால் சீருடையில் புறப்பட்டாக வேண்டும். அறுவைக்கு இரு நாள் முன்பு அந்த அழைப்பு வந்தது. நண்பகலே இரயிலேறினான்.

"பயப்படாதீங்கப்பா, ஆள் வரும்" என்றான்.

படைத் தோழர்களும் அவனோடு போகையில் எவர் வருவார் என்று எனக்கு விளங்கவில்லை. உறவினரையும் பழைய மாணவர்களையும் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன். எவருடைய குருதியும் பொருந்தவில்லை. வலியில் துவண்டிருந்த மனைவியிடம் அதை மறைத்தேன்.

மறுநாள் காலை நான் சென்றபோது, இரத்த வங்கியின் வாயிலில் அறிமுகமற்ற இருவர் காத்திருந்தனர். ஒருவர் காட்டூரில் வெல்டிங் பட்டறை நடத்துபவர். முழங்காலில் அடிபட்டிருந்ததால் இம்முறை என் மகனோடு படைக்குச் செல்ல இயலாதவர். மற்றவர் அதே சேமப்படையிலிருந்து ஓய்வுபெற்ற லால்குடி உழவர். அப்படையில் ஒவ்வொருவரின் குருதி வகையும் மற்றவர்க்குத் தெரியுமாம். நன்றி சொல்ல நான் தடுமாறியபோது காட்டூர்க்காரர் குறுக்கிட்டார்.

"இதுல என்னங்க ஐயா இருக்கு? உங்க பையன் அங்க எங்க எடத்துல நிக்கிறாரு. இங்க அவரு எடத்துல நாங்க நிக்க வேணாமா?"

குறித்த நாளிலேயே அறுவை நடந்தது. எழுந்து அமர்ந்த அன்றே என் மனைவி எச்சரித்தார்: "இனிமே என்கிட்ட வாதம் பண்ணாதீங்க. எனக்குள்ள இப்ப பட்டாள ரத்தம் ஓடுது."

மகன் நலமாகத் திரும்பிவிட்டான். மனைவி கைத்தடியூன்றி வீதிக்கு வந்து பெருமாள் புறப்பாட்டைச் சேவிக்கிறார். அருகில் நிற்கும் என் கண்களோ, பெருமாளைச் சேவித்த கையோடு, பல்லக்கைச் சுமப்பவர் களைத்தால் தோள் கொடுப்பதற்காக வெறுந்தோளுடன் உடன் நடந்து வருகின்றவர்களைத் தேடுகின்றன.