கிழக்குச் சுவரில் ஒரு கதவு

கால்பந்து மைதானத்தில் இடைவேளை விசில் ஊதினால் எங்கள் பெரியம்மா வீட்டில் குழாய் திறக்கும். அவர் வீட்டுப் பின்பக்கச் சுவர்தான் மைதானத்தின் கிழக்குச் சுவர். அதில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு கதவு. ஆட்டம் பார்க்கும் பெண்கள் அதன் வழியாக வந்து, அடுப்படியைக் கடந்து, கழிப்பறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். மைதானத்தில் பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. கட்டியவர்களுக்கு அது தோன்றவே இல்லை.

ஆதியில் அந்த இடம் வெறும் பொட்டல். கயிறு கட்டி ஆடினார்கள், பெண்கள் மொட்டைமாடிகளில் நின்று பார்த்தார்கள். கிளப் சுவர் எழுப்பியதும் மாடிகளிலிருந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. புல் வெட்டிக் கோடு போடும் வேலையில் இருந்த பெரியப்பா, மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்து போக வழி வேண்டுமென்று கொத்தனாரைத் தாஜா பண்ணி ஒரு கதவு வைத்துக்கொண்டார். அவரைவிட அதிகம் அதைப் பயன்படுத்தியது பெரியம்மாதான். முதலில் அவர் மட்டும் நுழைந்தார். அப்புறம் பக்கத்து வீட்டு நர்ஸ். அப்புறம் தெருவே நுழைந்தது. உட்கார்ந்து பார்க்கும் மரப்படிகள் போய்ச் சிமெண்ட் படிகள் வந்தன, விளக்குக் கம்பங்கள் முளைத்தன. கிழக்கு மூலை மட்டும் பெண்களுடையதாகவே இருந்தது. அவர்களுக்கான டிக்கெட்டுகள் பெரியம்மாவின் தையல் மெஷின் டிராயரில் இருக்கும். அணியின் சட்டைகளைத் தைப்பவரும் அவரே.

அவருக்கு ஒரே ஒரு குறை. கடைசிப் பெண் போகும்வரை வாளியில் தண்ணீர் நிரப்பிவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் இரண்டாம் பாதியில் பாதி ஓடியிருக்கும். இடைவேளை முடிந்ததும் விழுந்த கோல்களெல்லாம் அவருக்குச் சத்தமாகத்தான் தெரியும்.

பிறகு மைதானத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். வரைபடத்தில் கிழக்குப் பக்கம் உயரமான கேலரி இருந்தது. கதவு இல்லை. பெண்களுக்குக் கழிப்பறையும் இல்லை. கிளப் செயலாளரிடம் கோல்கீப்பர் சட்டையைக் கொடுக்கப் போன பெரியம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்னக்கா பண்றது? இன்ஜினியர் ரெண்டு ஆட்டம் மெயின் கேட்ல நின்னு பார்த்திருக்காரு. ஒரு பொம்பளைகூட வரலைன்னு எழுதிட்டாரு."

"கேட்ல நின்னா எப்படித் தெரியும்? எல்லாரும் என் அடுப்படி வழியாத்தானே வர்றாங்க."

"அதை நான் எப்படிச் சொல்றது? செவுத்துல கதவு இருக்குன்னே எந்தக் காகிதத்துலயும் இல்ல."

பெரியம்மா எழுந்தார். "சரி தம்பி. வர்ற ஆட்டத்துக்கு அவரை இன்னொரு தடவை வரச் சொல்லுங்க. அதே கேட்ல நிக்கட்டும்."

ஆட்ட நாளன்று பெரியம்மா பெரியப்பாவிடம் பூட்டைக் கொடுத்தார். "உங்க கதவை நீங்களே பூட்டுங்க." அவர் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டார். வழக்கம்போல வந்த பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"எதுக்குக்கா இந்த வெயில்ல அவ்வளவு தூரம் சுத்திப் போகணும்?" என்றாள் நர்ஸ்.

"நாள் பூரா வார்டுல நடக்குறவ, இன்னிக்கு மட்டும் கால் வலிக்குதாக்கும். நடடி."

தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். மைதானத்தைச் சுற்றி மெயின் கேட்டுக்கு வந்தபோது கேட்காரர் வாயைத் திறந்தபடி ஒதுங்கி நின்றார். இன்ஜினியர் கையில் தேநீர் அப்படியே ஆறிப்போயிற்று. வரிசை வந்துகொண்டே இருந்தது. டீச்சர்கள், பஸ் கண்டக்டர், மீன்காரம்மா, மருமகளோடு மாமியார்கள்.

இடைவேளை வந்தது. போக வழியில்லை. பெரியம்மா எழுந்தார், மொத்த மூலையும் எழுந்தது. எதிர்ப்பக்கப் பெரிய கேலரிக்கு அடியில் ஆண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறை முன்னால் போய் நின்று, "உள்ள இருக்கறவங்க வெளிய வந்துருங்க தம்பி. இனிமே இது எங்க முறை," என்றார்.

ஆண்கள் வெளியே வரிசை கட்டினார்கள். அந்த வரிசையில் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன் ஒருவரும் மாட்டிக்கொண்டார். நடுவர் மைதானத்தின் நடுவில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். லைன்ஸ்மேனுக்குப் பின்னால் காலை மாற்றி மாற்றி நின்றவர் இன்ஜினியர்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"பொறுங்க தம்பி. நாங்க நின்ன வருஷத்துக்கு இது ஒண்ணுமே இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புரியுதும்மா. நல்லாவே புரியுது."

வரைபடம் மாறியது. புது மைதானத்தின் கிழக்குக் கேலரிக்குக் கீழே பெண்களுக்கென்று வரிசையாகக் கதவுகள். திறப்பு நாளில் மேடையில் பேச்சு நடந்துகொண்டிருக்க, பெரியம்மா ஒவ்வொரு கதவாகத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். ஒன்று ஒழுகியது. செயலாளரைக் கூப்பிட்டு அதைச் சரிபண்ண வைத்த பிறகுதான் கேலரியில் ஏறினார்.

அன்று இடைவேளை முடியும்போது பெரியம்மா தன் இடத்தில் இருந்தார். பக்கத்தில் பெரியப்பா. விசில் ஊதியது. நடுக்கோட்டிலிருந்து பந்து பின்னால் போய், இடது ஓரம் போய், மூன்றாவது உதையில் உள்ளே வந்தது. எங்கள் பதினோராம் நம்பர் நெஞ்சில் வாங்கி, தரையில் விழவிடாமல் அடித்தான். வலை புடைத்தது.

கேலரியே எழுந்து நின்றது. பெரியம்மா மட்டும் உட்கார்ந்தபடி பெரியப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நீ பார்த்தியா?"

"முதல் உதையிலேர்ந்து பார்த்தேன்," என்றார் பெரியம்மா.